கறிக்கு மாற்று போலிக் கறியா?

புரட்டாசி பிறந்துவிட்டால் ஈப்போ லகாட் சாலைப் பக்கத்துக் கடைகளில் உறைபெட்டியின் முன்னே கூட்டம் கூடிவிடுகிறது. மக்கள் அள்ளிச் செல்வது மீனும் கோழியும் அல்ல. சைவ மட்டன், சைவ கோழி, சைவ மீன், சைவ இறால்! இறாலுக்குச் சிவப்பு வரிகூடப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் இறைச்சியைத் துறக்க முடிந்த நம்மால் அதன் உருவத்தைத் துறக்க முடியவில்லை.

புரட்டாசி விரதத்தை நான் குறைகூற வரவில்லை. 2014-ஆம் ஆண்டு பிரிட்டனில் 'வீகனுவரி' என்ற பெயரில், சனவரி மாதம் முழுவதும் விலங்குணவை விட்டுப் பார்க்குமாறு மக்களை அழைக்கும் இயக்கம் ஒன்று தோன்றியது. அதைப் பெரும் புதுமை என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒரு மாதம் பழகிப் பார், பிறகு முடிவு செய் என்னும் அந்த உத்தியை நம் பாட்டிமார் அதற்கு வெகுகாலம் முன்பே கையாண்டவர்கள். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் காவடி எடுப்போர் விரதமிருக்கும் நாள்களும் அத்தகைய பயிற்சியே. அந்தப் பயிற்சிக் காலத்தில் நம் பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஆசிரியர்கள் இதைத் தம் கண்ணால் காண்கிறார்கள். புரட்டாசியில் திறக்கப்படும் உணவுக் கலன்களில் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். இல்லையேல் மேகி மீ. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு துண்டு சைவ மட்டன். மீனையும் முட்டையையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் பிள்ளை மேசைமேல் தலை சாய்க்கிறது. 'இன்று விரதம், ஐயா' என்கிறது. விரதம் சரிதான், புரதம் எங்கே?

சைவம் என்றாலே நலம் என்று நம்பிவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டு மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். இந்நிலையில் கோழியை எடுத்துவிட்டு இன்னொரு அகப்பைச் சோறும் எண்ணெயில் பொரித்த கிழங்கும் வைத்தால் அது நற்பழக்கமாகிவிடுமா? சர்க்கரைக்குச் சைவ அசைவ வேறுபாடு தெரியாது.

இனிப் போலிக் கறிக்கு வருவோம். அதன் உட்பொருள் பெரும்பாலும் சோயாப் புரதம், கோதுமை மாவைக் கழுவிக் கழுவி எடுக்கும் பசைப் புரதம், காளான் தண்டு, எண்ணெய், உப்பு, மணமூட்டி. சீனப் பௌத்த மடங்களின் சமையலில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. நம் ஊரில் 'சாய்' என்று எழுதியிருக்கும் கடைகளில் கிடைக்கும் உணவு அவ்வழி வந்ததே. அவர்கள் வெங்காயத்தையும் பூண்டையும்கூட விலக்குபவர்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். என்றாவது ஒருநாள், திருமண விருந்தில் இரண்டு துண்டு உண்பதில் தவறில்லை. ஆனால் நாள்தோறும் அதையே நம்பினால் உப்பும் எண்ணெயும் மிகும். கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் சோயாவிலும் அது நிறைவாக உண்டு. சில வகைகளில் முட்டை வெள்ளைக்கருவும் பால் புரதமும் சேர்ந்திருக்கும். பொட்டலத்தைத் திருப்பி 'தெலூர்', 'சூசு' என்ற சொற்கள் உள்ளனவா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அதைவிட எனக்கு உறுத்தல் தருவது வேறொன்று. மட்டனைப் போலவே இருப்பதுதான் நல்ல சைவம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் அசலே மேல் என்று அது முடிவு செய்வதில் என்ன வியப்பு? உண்மையில் நம் நாக்குத் தேடுவது மசாலையை. மிளகும் சீரகமும் சோம்பும் பட்டையும் தேங்காயும் வறுபடும்போது எழும் மணத்தில் இறைச்சியின் பங்கு சிறிதே. தோட்டத்தில் பிஞ்சுப் பலாக்காயை மசாலை போட்டுப் பிரட்டியவர்கள் அதைச் 'சைவ ஆடு' என்று அழைக்கவில்லை. பலாக்காய்ப் பிரட்டல் என்றே சொல்லி உண்டார்கள்.

மாற்றுணவுக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை, பேராக்கிலேயே இருக்கிறது. ஈப்போ என்றதும் பிற மாநிலத்தார் நினைப்பது தவ்கே கோழி. கோழியை விடுங்கள், தவ்கே நம்முடையது. நம்மவர் நிறைந்து வாழும் புந்தோங்கில் விளைவது. பருத்துக் குறுகிய அந்த முளைக்குச் சுண்ணாம்புக் குன்றுகளின் நீரே காரணம் என்பார்கள். எனினும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 100 கிராம் தவ்கேயில் புரதம் ஏறக்குறைய 3 கிராம்தான். மீதி பெரும்பாலும் நீர். அது முளைத்துவந்த பாசிப்பயற்றில், உலர்ந்த நிலையில், 100 கிராமுக்கு 24 கிராம் அளவுக்கு உண்டு. ஆகவே தவ்கேயைக் காய்கறியாகக் கொள்ளுங்கள். கறிக்கு மாற்றாகப் பயற்றைக் கொள்ளுங்கள்.

அதே புந்தோங்கில் காச்சாங் பூத்தே கம்பம் இருக்கிறது. சற்றுத் தள்ளி மெங்லெம்பு. அதன் வேர்க்கடலையை அறியாத மலேசியர் குறைவு. வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். பொரித்து உப்பிட்ட கடலையை நாளும் கொறிக்கச் சொல்லவில்லை. அவித்த கடலையையும் சுண்டலையும் சொல்கிறேன். தெம்பே ஜாவானியர் தந்த கொடை. சோயா அவரையைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய அதில் 19 கிராம் புரதம் வரை உண்டு. தவ்வு மலிவானது, எந்த இரவுச் சந்தையிலும் கிடைப்பது. ஒரு கோழிமுட்டையில் ஏறத்தாழ 6 கிராம் என்பதை நினைவில் வைத்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தெம்பேயை நம்மவர் பலர் வீட்டுக்குள் விடுவதில்லை. மணம் பிடிக்காதாம்! கருவாடு பொரித்த வீட்டார் சொல்லும் காரணமா இது? மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி வறுத்து, வெங்காயம், மிளகாய்த்தூள், கறிவேப்பிலையுடன் பிரட்டிப் பாருங்கள்.

கீரையைப் பற்றிப் பேச வந்தால் தோட்டத்தைப் பேசாமல் இயலாது. லயத்து வீட்டுக் கொல்லையில் முருங்கை, அகத்தி, பயற்றங்காய், மரவள்ளி, சாயூர் மானிஸ் எல்லாம் இருந்தன. பாலுக்கு மாடும் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டுமனைகளாயின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். வேலையும் வீடும் போனதை நாம் எழுதினோம், பேசினோம். கொல்லை போனதை அவ்வளவாகப் பேசவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்தும் செம்மோரிலிருந்தும் வந்த குடும்பங்களில் பேரப்பிள்ளைகளுக்கு இன்று மூன்று கீரையின் பெயர் சொல்லத் தெரிவதில்லை. நான் வகுப்பில் கேட்டுப் பார்த்ததைக் கொண்டே சொல்கிறேன்.

கீரையின்மேல் ஓர் இளக்காரமும் உண்டு. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் மரவள்ளியைத் தின்று உயிர் காத்தவர்கள் நம் முன்னோர். சோறும் கறியும் மீண்டபோது, கிழங்கும் தழையும் வறுமையின் அடையாளங்களாகிவிட்டன. விருந்தாளிக்குக் கீரை வைத்தால் மதிப்புக் குறைவு என்று எண்ணும் வீடுகள் இன்றும் உள்ளன. அவர்கள் பட்ட பாட்டை அறிந்தவன் என்பதால் முதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெறுப்பை, பட்டினி அறியாத பேரனுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? முருங்கையும் சாயூர் மானிசும் பெரிய தொட்டியிலும் வளரும். மரவள்ளித் தளிரை மட்டும் நன்றாக வேகவைத்து நீரை இறுத்துவிட வேண்டும், பச்சையாக உண்ணலாகாது. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர ஒரு லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்துவிட்டால் போதும். உணவோடு தே ஓ குடித்தால் அந்தச் சத்தில் பெரும்பகுதி சேராது போகும். பருவமெய்தும் வயதுப் பெண்பிள்ளைகளின் தாய்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்மைக்காலமாகக் கல்லூரி சென்ற பிள்ளைகள் சிலர் பாலையும் நெய்யையும்கூட விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதை 'நனிசைவம்' என்கிறோம். 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர் நண்பர்களும் இதற்கென்று ஒரு சங்கம் கண்டபோது 'வீகன்' என்ற சொல் பிறந்தது. புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரத்தையே வள்ளுவரிடம் பெற்ற நாம் அப்பிள்ளைகளைக் கேலி செய்வது முறையன்று. அறத்தின்பாற்பட்ட முடிவைப் பிள்ளை எடுத்தால், அதற்குச் சோறு போடும் கடமை பெற்றோருடையது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து செடிகொடிகளிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. தெம்பேயில் உண்டு, கடற்பாசியில் உண்டு என்று சொல்லப்படுவதை நம்பியிருக்க இயலாது. பால் அருந்துவோருக்கு ஓரளவு கிடைத்துவிடும். முழு நனிசைவர்கள் அச்சத்துச் சேர்த்த சோயாப் பாலையோ மாத்திரையையோ தவறாது கொள்ள வேண்டும். இது குறைந்தால் இரத்தசோகை வரும், நரம்பும் கெடும். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் உண்ணும் தாத்தா பாட்டிகளுக்கு அம்மருந்தே பி12 சேர்வதைக் குறைக்கும். அவர்களும் சைவமாயின் அடுத்த முறை கிளினிக்கில் இதைக் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. வளரும் குழந்தையை நனிசைவத்துக்கு மாற்றுமுன் மருத்துவரையோ உணவியலாளரையோ காண்பது கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. நாம் 'பால்' என்று தே தாரிக்கில் ஊற்றும் டின்னைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 'கிரீமர் மானிஸ்' என்றிருக்கும். சர்க்கரையும் செம்பனை எண்ணெயுமே அதில் மிகுதி. அதைக் குடித்துவிட்டுப் பிள்ளை பால் குடித்தது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்? 1979 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் துணையுணவுத் திட்டம் நடந்து வருகிறது. சைவப் பிள்ளைக்கு மீனை எடுத்துவிட்டு எஞ்சிய சோற்றைக் கொடுப்பது மாற்றுணவு ஆகாது. மீன் போன இடத்தில் தவ்வோ பருப்போ வர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் விளையாட்டுப் போட்டிச் சட்டைக்கு ஒரு மணி நேரம் விவாதிக்கிறோம்; சிற்றுண்டிச்சாலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? நாசி லெமாக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. சம்பலில் நெத்திலிக்கு மாற்றாக வறுத்த தெம்பேயும் கடலையும் இருக்கட்டும். பெலாச்சானுக்கு மாற்றாகச் சிறிது தவ்ச்சூ சேர்த்தால் அந்த ஆழ்ந்த சுவை வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் சுண்டல். கொண்டைக்கடலை முதல்நாள் இரவே ஊற வேண்டும். ஆகவே திங்கட்கிழமைச் சுண்டலுக்குச் சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் வெள்ளியன்றே சொல்லிவிடுங்கள்.