பசை மேல பழி போடாதீங்க சாமிகளா!

விமானத்துல பசை போட்டு ஒட்டுறாங்கன்னு சொன்னாலே ஃபெவிகால் ஜோக் அடிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. போன வாரம் டீக்கடையில நண்பர் ஒருத்தர், "அலோஹா விமானத்துக்குக் கூரையே பிச்சுக்கிட்டுப் போச்சே, பசையை நம்பினா அதான் கதி"ன்னார். மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா தட்டிப் பொழைக்கிறவன்தான் நான். ஆனாலும் சும்மா இருக்க முடியல.

1988 ஏப்ரல் 28, ஹவாய். 89,680 தடவை பறந்து முடிச்ச போயிங் 737. உடம்புத் தகடுகள் சேர்ற இடத்துல ரிவெட்டோட பசைத்துணியும் உண்டு. (பழுது பார்த்த ஒட்டு கூட இல்லீங்க, தொழிற்சாலையிலேயே போட்டது.) ஒட்டு ஒழுங்காப் பிடிக்கல. இடுக்குல ஈரம் புகுந்து அரிச்சுது. சுமை மொத்தமும் ரிவெட் மேல விழ, ஓட்டைக்கு ஓட்டை விரிசல். கடைசியில எல்லாம் கைகோத்துக்கிச்சு. பணிப்பெண் ஒருத்தர் உயிர் போச்சு.

இதுல பசை என்ன பாவம் செஞ்சுது? அலுமினியத்து மேல எப்பவும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி அதைப் பக்குவப்படுத்தலைன்னா, வருஷக்கணக்குல ஈரம் ஏறி ஆக்சைடு மாறிப்போய்ப் பிடியை விட்டுடும். பிரிச்சுப் பார்த்தா பசை முழுசா இருக்கும், உலோகம் மொட்டையா இருக்கும். இதுக்கு மருந்து இல்லாமலும் இல்ல. பாஸ்பாரிக் அமில அனோடைசிங் 1970கள்லயே வந்தாச்சு. மெல்போர்ன்ல ஆலன் பேக்கர் குழு அதே காலத்துல இருந்து போர் விமான விரிசல்களுக்குப் போரான் நார் ஒட்டுத்துண்டு போட்டுக் காட்டியிருக்கு.

எனக்கு எரிச்சல் எங்கேன்னா, சோதனையில. புதுசா ஒட்டின துண்டை அன்னிக்கே இழுத்துப் பார்த்து "ஆஹா, பலம்!"னு கையெழுத்து போடுறது. அரைகுறையாத் தேய்ச்சு ஒட்டினதும் அன்னிக்குப் பாஸ் ஆகும்யா! அதுல ஆப்பு அடிச்சு, சூடான ஈரக்காத்துல வெச்சுப் பாரு, வேஷம் கலைஞ்சுடும். அல்ட்ராசவுண்டும் இடைவெளி இருந்தா காட்டும், பிடிமானம் எவ்வளவுன்னு சொல்லாது. எங்க ஆபீஸ்ல டெஸ்ட் எல்லாம் பச்சைன்னு வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணுவாங்களே, அதே கதை :-)

"அப்புறம் ஏன் அமெரிக்க எஃப்.ஏ.ஏ. மட்டும், ஒட்டு முழுசாக் கழண்டாலும் விமானம் அதிகபட்ச இயக்கச் சுமையைத் தாங்கணும்னு ரிப்பேர் அளவுக்கு வரம்பு வெச்சிருக்கு?"ன்னு மடக்கினார். நியாயமான வரம்புதான். ஆனா அந்த அவநம்பிக்கை பசை மேல இல்ல. தேய்ச்சவன் ஒழுங்காத் தேய்ச்சானான்னு பின்னாடி அளந்து சொல்ல ஒரு கருவியும் கிடையாதே, அதுக்குத்தான்.

நண்பர் ஒத்துக்கல. டீக்காசு மட்டும் நான்தான் கொடுத்தேன்.