மாத்திரை போடுபவரைக் குற்றவாளியாக்காதே!

“ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா இது ஏன் வருது?”

வைரல் லோட் அறிக்கையில் 180 என்றோ 400 என்றோ வந்துவிட்டால், ஹெச்.ஐ.வி.யோடு வாழும் நம் மக்கள் மீது முதலில் எறியப்படுவது இதுதான். இது கேள்வி அல்ல தோழர்களே, தீர்ப்பு.

அறிவியல் என்ன சொல்கிறது? கூட்டு மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ஆனால் சிடி4 அணுக்களின் மரபணுவுக்குள் ஏற்கெனவே புகுந்து உறங்கும் வைரஸை அழிக்காது. அந்த அணுக்கள் பெருகும்போது வைரஸின் நகலும் சேர்ந்தே பெருகும். சில விழித்துக்கொண்டு வைரஸை வெளிவிடும். ஒரு வேளைகூடத் தவறாதவரின் இரத்தத்திலும் வைரஸ் தென்படலாம். மாத்திரை தவறியதும் காரணமாகலாம், மருந்து எதிர்ப்பும் காரணமாகலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் மருத்துவம். முகத்தைப் பார்த்துப் பழி போடுவது மருத்துவம் அல்ல.

ஒரு மில்லிலிட்டரில் 1000 பிரதிகள் அல்லது அதற்கும் குறைவு என்றால், பாலுறவு வழியே தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அதன் பிறகும் ஒதுங்கி நிற்பவர்களை எது தடுக்கிறது? கிருமி அல்ல, தீட்டு. ஊரையும் சேரியையும் பிரித்து வைத்த அதே புத்தி. அதை நமக்குத் தெரியும்.

‘ஆயிரத்துக்குக் கீழேதானே’ என்று கோப்பை மூடுவதையும் ஏற்க மாட்டோம். குறைந்த அளவு வைரஸ் தொடர்ந்து நீடிப்பவர்களுக்குப் பின்னால் சிகிச்சை தோற்கும் ஆபத்து கூடுதல். அவர்களுக்குச் சீக்கிரமே மறுபரிசோதனை வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்குப் பயணச் செலவும் வேண்டும். ஆனால் 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம் 14ஆம் பிரிவில், பரிசோதனையையும் மருந்தையும் ‘இயன்றவரை’ வழங்குவதாகச் சொல்கிறது. இயன்றவரையா? எங்களை வேளை தவறாமல் மாத்திரை போடச் சொல்லும் அரசுக்கு மட்டும் இயன்றவரையா?

2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் ஹெச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். மாத்திரையைத் தவறவிட்டது யார் என்று அந்த வாசலில் கேளுங்கள்.

மாணவத் தோழர்களே, சட்டத்தைப் படியுங்கள். ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகிறவர்களோடு துணைக்குப் போங்கள். ‘இயன்றவரை’ என்ற சொல் சட்டத்திலிருந்து நீங்கும்வரை பேசுவோம். சலுகை அல்ல, உரிமை!