நாய்க்கு ஏன் நம் பெயர்?

தேவதானத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் தம்பி ஒருவன் தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறான். பெயர் கருப்பி. 'பரியேறும் பெருமாள்' பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'பரையா' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். "அண்ணே, இது நம்ம சாதிப் பேராச்சே?" என்றான்.

அதேதான், தோழர்களே. பறையர் என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் 'பரையா' ஆக்கி, 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொருளும் கொடுத்தார்கள். ஆளில்லாத தெருநாய் 'பரையா நாய்' ஆனது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அது தனிச்சொல். (பருந்தையும் விட்டுவைக்கவில்லை!) பழியை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. சேரியை ஒதுக்கி வைத்தது ஊர். அவன் பார்த்து எழுதிக்கொண்டான்.

பக்கத்திலிருக்கும் ராஜபாளையத்து நாய்க்கு ஊர்ப்பெயர். 2005இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறைக்கும் ஊர்ப்பெயர்தான். தெருநாய்க்கு மட்டும் சாதிப்பெயரா, அதுவும் இழிவுபடுத்த?

இன்றும் நாய்ப்பிரியர்கள் பலர் 'இந்தியன் பரையா' என்று பெருமையாக எழுதுகிறார்கள். கேட்டால், இனத்தின் பெயராம். நாய் மேல் நமக்கென்ன கோபம்? 'நாட்டு நாய்' என்று எழுதினால் ஊசி வேலை செய்யாதா? அட்டையைத் திருத்தித் தரச் சொல்லி, கருப்பியையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை போகிறோம்.