கடலிலும் காவல் வேண்டும்



நாம் வெட்டிப் போடும் செம்பனைக் குலை ஆலைக்குப் போகிறது; எண்ணெயாகித் துறைமுகம் சேர்கிறது; கப்பலேறி இந்தியாவுக்கும் வேறு பல நாடுகளுக்கும் செல்கிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து அக்கப்பல்கள் செல்லும் பாதைதான் மலாக்கா நீரிணை. அங்கே திருட்டும் விபத்தும் மலிந்தால் கப்பல் கூலியும் காப்புறுதிப் பணமும் ஏறும். ஆகவே, 'கடல் விவகாரம் நமக்கு எதற்கு?' என்று இருந்துவிடலாகாது.

இந்நீரிணை வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் போய்வருகின்றன. இதன் தென்கோடியில், சிங்கப்பூர் நீரிணையோடு சேரும் இடத்தில், பாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டராகக் குறுகிவிடுகிறது. பாரமேற்றிய எண்ணெய்க் கப்பலை லாரியைப் போல் 'பிரேக்' போட்டு நிறுத்த முடியாது. நிற்பதற்குள் சில கிலோமீட்டர் ஓடிவிடும். அதனால்தான் 1981 முதல் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று கடலிலும் பாதை பிரித்திருக்கிறார்கள். நம் சாலையில் இடப்பக்கம், கடலில் வலப்பக்கம். 1998 டிசம்பர் முதல் பெரிய கப்பல்கள் தாம் வருவதைக் கரையிலுள்ள கண்காணிப்பு நிலையங்களுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

இனி, கொள்ளையர் கதைக்கு வருவோம். கடற்கொள்ளையன் என்றதும் சினிமாவில் வரும் ஒற்றைக்கண் ஆசாமி நினைவுக்கு வருவான். இங்கே வருகிறவர்கள் வேறு. நள்ளிரவில் சிறு படகில் நாலைந்து பேர் கப்பலின் பின்புறமாக நெருங்குவார்கள். கொக்கி கட்டிய மூங்கிலை மாட்டி மேலே ஏறுவார்கள். இயந்திர அறையிலுள்ள உதிரிப் பாகங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எதிர்ப்பட்ட மாலுமியைக் கத்தி காட்டிக் கட்டிப்போடுவதும் உண்டு.

போன பொருளை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால், கப்பலை ஓட்டுகிறவரையே கட்டிப்போட்டால், அந்தக் குறுகிய பாதையில் சுக்கானைப் பிடிப்பது யார்? 1992 செப்டம்பரில், நீரிணையின் வடக்கு முனையில், 'நாகசாகி ஸ்பிரிட்' என்ற எண்ணெய்க் கப்பலும் 'ஓசன் பிளெசிங்' என்ற சரக்குக் கப்பலும் மோதித் தீப்பற்றின. சரக்குக் கப்பலில் ஒருவரும் பிழைக்கவில்லை. மற்றதில் பிழைத்தவர் இருவரே. மோதலுக்கு முன் சரக்குக் கப்பலில் கொள்ளையர் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது; அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தச் சந்தேகமே நமக்குப் பாடம்.

திருடனைப் பிடிப்பதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் நடக்கும் திருட்டை அந்த நாட்டுக் காவலரே பிடிக்கவேண்டும். திருடனோ எல்லை தாண்டி அடுத்த நாட்டுத் தீவில் புகுந்துகொள்வான். இதற்காகவே 2004-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. மறு ஆண்டு விமானக் கண்காணிப்பும் சேர்ந்தது. 2008-இல் தாய்லாந்தும் இணைந்தது. பலன் கிடைத்தது. 2005-இல் இந்நீரிணையை ஆபத்துப் பட்டியலில் சேர்த்த லண்டன் காப்புறுதிக்காரர்கள், 2006-இல் அதை நீக்கினார்கள்.

ஆனால், காவல் தளர்ந்தால் களை முளைக்கும். 2025-இன் முற்பகுதியில் சிங்கப்பூர் நீரிணையில் திருட்டுகள் மீண்டும் பெருகின. இந்தோனேசியப் போலீசார் சில கும்பல்களைப் பிடித்த பிறகே குறைந்தன.

1992-இல் கோலாலம்பூரில் தொடங்கிய கடற்கொள்ளைத் தகவல் மையம் இரவும் பகலும் புகார்களை இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது. இருந்தும் சில கப்பல்கள் வாய் திறப்பதில்லை. விசாரணை என்று கப்பலை நிறுத்தினால் நாளும் பணமும் வீண் என்பது அவர்கள் கணக்கு. அந்த மௌனம்தான் திருடனுக்கு முதல். இன்று இவர் மறைத்தால், நாளை பின்னால் வரும் கப்பலுக்கு எச்சரிக்கை ஏது?

நம் லயத்திலும் இதே கதைதானே? கோழி காணாமல் போனால், 'போகட்டும், யார் போலீசுக்கு அலைவது?' என்கிறோம். அடுத்த வாரம் சைக்கிள் போகிறது. பிறகு அண்டை வீட்டுப் பெண்ணின் கழுத்துச் சங்கிலி போகிறது. முளையில் கிள்ளாததை முற்றியபின் கோடரி கொண்டுதான் வெட்டவேண்டும்.

கடலில் நான்கு நாடுகள் சேர்ந்து காவல் நிற்கின்றன. ஒரே லயத்தில் வாழும் நாம் அண்டை வீட்டுக்குக் குரல் கொடுக்கக் கூடாதா? சிந்தியுங்கள்.