குளிரூட்டியையும் நாமே செய்ய வேண்டும்

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு ரூ.6,003.65 கோடி, காலம் 2030-31 வரை. 50 முதல் 1,000 கியூபிட் (குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு) வரையிலான குவாண்டம் கணினிகளை உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அதன் முக்கிய இலக்கு. வரவேற்க வேண்டிய இலக்குதான். ஆனால், எத்தனை கியூபிட் என்ற அறிவிப்புகளுக்குக் கிடைக்கும் கவனம், அந்தக் கியூபிட்டுகளை இயங்கவைக்கும் கருவிகளுக்குக் கிடைப்பதில்லை. இது மாற வேண்டும்.

மீக்கடத்திக் கியூபிட் வேலை செய்ய ஏறத்தாழ 0.01 கெல்வின் குளிர் தேவை. அதைத் தருவது டைல்யூஷன் ரெஃப்ரிஜிரேட்டர் என்னும் குளிரூட்டி. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவை ஒரு கெல்வினுக்கும் கீழே இரண்டு அடுக்குகளாகப் பிரியும். ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு ஹீலியம்-3 கடக்கும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கருவிக்கு ஃபின்லாந்தின் புளூஃபோர்ஸ் போன்ற சில நிறுவனங்களையே உலகம் பெரிதும் நம்பியிருக்கிறது.

‘வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும்’ என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆய்வு மாணவர்களைக் காத்திருக்க வைக்க முடியாது. ஆனால், 2024இல் பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகள் குவாண்டம் கணினிகளுக்கும் அவற்றுக்கான அதிகுளிர்க் கருவிகளுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தன. இந்த வலி நமக்குப் புதிதல்ல. 1993இல் அமெரிக்க நெருக்குதலுக்குப் பணிந்து, ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தைத் தருவதிலிருந்து ரஷ்யா பின்வாங்கியது. நமது சொந்த எஞ்சினுடன் ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான்.

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஸ்குவிட் என்னும் மீக்கடத்தி உணரிகளைத் தானே செய்து, மூளையின் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் அமைப்பையே உருவாக்கியிருக்கிறது. ஸ்குவிடுக்கும் மீக்கடத்திக் கியூபிட்டுக்கும் அடிப்படை ஒன்றே: இரு மீக்கடத்திகளுக்கு இடையே மெல்லிய தடுப்பைக் கொண்ட ஜோசப்சன் சந்தி. அந்தச் சந்தியைக் கொண்டு 1980களில் நடத்திய சோதனைகளுக்காகத்தான் கிளார்க், டெவோரே, மார்டினிஸ் ஆகியோருக்கு 2025இன் இயற்பியல் நோபல் கிடைத்தது. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் டிஆர்டிஓவும் டிசிஎஸ்ஸுடன் சேர்ந்து, 6 கியூபிட் செயலியின் சோதனையை 2024இல் முடித்தன.

ஹீலியம்-3 விஷயத்திலும் நாம் வெறுங்கையோடு இல்லை. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியம் சிதைந்தால் கிடைப்பது அது. கனநீர் அணு உலைகளிலோ டிரிட்டியம் தானாகவே சேர்கிறது. கனடாவின் டார்லிங்டனில் அப்படிச் சேரும் டிரிட்டியத்திலிருந்து ஹீலியம்-3ஐப் பிரித்தெடுக்கிறார்கள். கல்பாக்கத்திலும் கைகாவிலும் ராவத்பட்டாவிலும் நம்மிடம் கனநீர் உலைகள் உள்ளன.

குவாண்டம் இயக்கத்தின் நிதியில் ஒரு பங்கை உள்நாட்டுக் குளிரூட்டிக்கும், மீக்கடத்திச் சில்லுகளுக்கான பொது உற்பத்திக்கூடத்துக்கும் அரசு தனியே ஒதுக்க வேண்டும். ஹீலியம்-3 பிரித்தெடுக்கும் ஆலைக்கான திட்டத்தை அணுசக்தித் துறை இந்த ஆண்டே வகுக்க வேண்டும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள். இன்றே பிரித்துச் சேமிக்கத் தொடங்கினாலும், இயக்கத்தின் காலம் முடிவதற்குள் அதில் பாதிகூட ஹீலியம்-3 ஆகியிருக்காது.