பறவைகளின் கணக்கை யார் எழுதுவது?

ஆண்டுதோறும் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் மன்னாரின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் வடபுலத்திலிருந்து வரும் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. பிளமிங்கோ எனப்படும் பூநாரைகளைக் காண்பதற்கென்றே தெற்கிலிருந்து மக்கள் வருகின்றனர். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட வங்காலைப் பகுதி, 4,839 ஹெக்டயர் பரப்புடன் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும், இப்பறவைகளின் கணக்கு அங்கு வாழும் மக்களிடம் இருக்கின்றதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும்.

இது வெறும் பொழுதுபோக்கு சார்ந்த வினாவன்று. 2020 இல் மன்னார்த் தீவில் 103.5 மெகாவொட் காற்றாலைத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. அடுத்து வந்த அதானி குழுமத்தின் திட்டத்துக்கு எதிராக 2024 இல் உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் பின்வாங்கியது. அதே ஆண்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். இத்தகைய தர்க்கங்களில் பறவைகள் எவ்வழியே, எப்பருவத்தில், எத்தனை பறக்கின்றன என்ற வினா எழுகின்றது. சில மாத ஆய்வினால் இதற்கு நிறைவான விடை கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த குறிப்பே சான்றாகும்.

இந்நாட்டில் அத்தகைய பணியைத் தொண்டர்களே பெரிதும் செய்து வந்துள்ளனர். 1894 இல் வேட்டைப் பிரியர்களின் சங்கமாகத் தோன்றிப் பின்னர் பாதுகாப்பு அமைப்பாக மாறிய வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், ஜனவரி மாதந்தோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒருங்கிணைக்கும் இலங்கைப் பறவைக் கழகம், 1976 இல் உருவான களப் பறவையியல் குழு ஆகியவற்றின் சேவை பாராட்டுக்குரியது. ஆனால், இவை கொழும்பை மையமாகக் கொண்டவை. இரு தினங்கள் வந்து செல்பவர் காண்பதற்கும், ஆண்டு முழுவதும் கரையில் வாழ்பவர் காண்பதற்கும் வேறுபாடுண்டு.

இயற்கைப் பாதுகாப்பு என்றாலே எம்மவர் ஐயுறுவது நியாயமற்றதுமன்று. 1990 இல் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்கள் மீளத் திரும்பியபோது, தமது பூர்வீகக் காணிகள் வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருப்பதாக முறையிட்டனர். மறிச்சுக்கட்டி விவகாரம் 2015 இல் நாடெங்கும் சர்ச்சையானது. தமிழ்க் கிராமங்களிலும் இத்தகைய முறைப்பாடுகள் உள்ளன. இதற்கு மாற்று, இயற்கையைப் புறக்கணிப்பதன்று. அதன் ஏட்டை நாமே எழுதுவதாகும். எந்த நீரில் பறவை இறங்குகின்றது என்பதோடு, எந்த நீரில் மீனவர் வலை வீசுகின்றார் என்பதும் அந்த ஏட்டில் பதிவாகும். எல்லைகள் வகுக்கப்படும்போது இரண்டும் பேசும்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. பத்துப் பேர், இரு தொலைநோக்கிகள், ஓர் ஏடு போதும். தேவைப்படுவது ஒழுங்கு. மாதந்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். திகதி, காற்று, நீர்மட்டம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பறவை எதுவும் வராத நாளில் பூச்சியம் என எழுதுவதும் கணக்கே. ஐயமான இனத்தை ஐயமெனவே எழுத வேண்டும். மிகைப்படுத்திய ஓர் எண் ஏனைய எண்கள் அனைத்தின் மீதான நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

எமது ஊர்களில் சங்கங்கள் தோன்றுவது அரிதன்று, நிலைப்பதே அரிது. குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, நிழற்படம் எடுத்ததோடு முடிந்தவை பல. ஆர்வமிக்க ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றதும் ஏடும் அவரது வீட்டுப் பெட்டகத்தில் உறங்கிவிடுகின்றது. ஆகவே செயலாளர் பதவி சுழற்சி முறையில் மாற வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இளையவர் ஒருவர் துணையாக இருக்க வேண்டும். ஏட்டின் பிரதி பொது நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். வெள்ளி ஜும்ஆவுக்கும் ஞாயிறு திருப்பலிக்கும் இடையூறில்லாத சனி காலையே களப்பயணத்துக்கு உகந்தது. மாணவிகளும் அச்சமின்றிப் பங்குபற்ற, பெற்றோரையும் உடன் அழைக்கலாம். வாடை, சோழகம், கச்சான் என்று காற்றையறிந்த மீனவர்களை விருந்தினராக அன்றி, உறுப்பினராகவே சேர்த்து, அவர்கள் வழங்கும் பறவைப் பெயர்களையும் பதிய வேண்டும்.

வங்காலைக்கும் எருக்கலம்பிட்டிக்கும் இப்பறவைகள் பொதுவானவை. அவ்விரு ஊர்களின் பிள்ளைகளும் ஒரே தொலைநோக்கியை மாறி மாறிப் பிடித்து எண்ணும் காலை, சமாதானம் பற்றிய கருத்தரங்குகள் பலவற்றிலும் பயனுள்ளது என்பது எமது எண்ணம். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில்களும் மீனவர் சங்கங்களும் இதற்கு முன்வர வேண்டும். எமது கரையின் கணக்கை நாம் எழுதாதுவிடின், அதனைப் பிறர் தமக்கேற்ப எழுதுவர்.