ஆண்டைக் கை, அடிமைக் கை

நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துவிடும். போன கோடையில் ஒரு அம்மா தோட்டைக் கழற்றி வைத்தார். புருஷனும் பெண்டாட்டியுமாகச் செங்கல் சூளையில் வேலை. "வூட்டுக்காரருக்கு கிட்னியில கல்லு சார். ரோபோட்டு வெச்சி எடுக்கறாங்களாம். வலியே தெரியாதுன்னு சொல்றாங்க." கையில் ஒரு தனியார் மருத்துவமனையின் வழவழப்பான விளம்பரத்தாள். அதில் நாலு கை முளைத்த வெள்ளை எந்திரம். ஸ்கேன் தாளில் கல்லின் அளவு 9 மில்லிமீட்டர். தோடு நாலு கிராம். ஒரு கிராம்கூடத் தேறாத கல்லுக்கு நாலு கிராம் தங்கம் முன்பணம்!

முதலில் இந்த ரோபோவின் பவிசைப் பார்த்துவிடுவோம். 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானாகவே மூத்திரத்தோடு போய்விடும். பெரிதாக இருந்தால் வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி உடைக்கலாம். 1980-இல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் தொடங்கிய முறை அது. மூத்திரப் பாதை வழியே மெல்லிய குழாயை விட்டு லேசரால் பொடியாக்கலாம். இன்னும் பெரிய கல்லுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுக்கலாம். இது எதற்கும் ரோபோ கட்டாயமில்லை. சிறுநீரகம் முழுக்கக் கிளைவிட்டுப் படர்ந்த கல், கல்லோடு குழாயின் பிறவி அடைப்பையும் சரிசெய்ய வேண்டிய நிலை என்று சிலருக்குத்தான் வயிற்றில் துளைபோட்டு, ரோபோக் கையை விட்டுக் கல்லை எடுத்துத் தைக்கிறார்கள். இன்னொரு வகையும் வந்திருக்கிறது. லேசர்க் குழாயை ரோபோ பிடித்துக்கொள்ளும், சர்ஜன் தள்ளி உட்கார்ந்து இயக்குவார். அமெரிக்காவில் 2022-இல் அப்படி ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது.

அப்படியிருக்க, 9 மில்லிமீட்டர் கல்லுக்கு ரோபோ எதற்கு? எந்திரம் வாங்கின காசு திரும்ப வேண்டாமா, அதற்கு. காப்பீடு இருக்கிறதே என்பார்கள். ரோபோ அறுவையை ஒதுக்கக்கூடாது என்று 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. கூடவே, கம்பெனிகள் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. வரம்புக்கு மேலே ஆவதை யார் கட்டுவது? தோடு கட்டும்.

இருக்கட்டும். நான் பேச வந்தது அந்த எந்திரத்தின் பெயரைப் பற்றி. 1920-இல் காரல் சாபெக் என்ற செக் எழுத்தாளர் தன் நாடகத்தில்தான் 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தார். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமை தன் பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய உழைப்பு. நம்ம ஊரில் அதற்குப் பெயர் வெட்டி. வெட்டிவேலை செய்தவனுக்கு வெட்டியான் என்று பெயர் வைத்தது இந்த ஊர். இதோடு முடியவில்லை. சர்ஜன் உட்காரும் மேசைக்கும் நோயாளியின் உடம்புக்குள் போகும் கைக்கும் உள்ள உறவைப் பொறியியல் புத்தகங்கள் 'மாஸ்டர்-ஸ்லேவ்' என்று எழுதிவந்தன. ஆண்டை-அடிமை! இப்போது கூச்சப்பட்டு 'லீடர்-ஃபாலோவர்' என்று சிலர் மாற்றி எழுதுகிறார்கள். நமக்குப் புதுசா இது? நம்மை ஹரிஜன் என்று மாற்றி எழுதியவர்களைப் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆண்டை தள்ளி உட்கார்ந்திருப்பான், அடிமையின் கை உள்ளே போகும். இந்தத் தொழில்நுட்பத்தை வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை தோழர்களே, இங்கே அதற்கு வயது ஆயிரக்கணக்கில். பல அரசு மருத்துவமனைகளின் பிணவறைக்குப் போய்ப் பாருங்கள். கத்தி பிடித்து நெஞ்சைப் பிளப்பது யார்? மண்டையோட்டைத் திறப்பது யார்? துப்புரவுப் பணியாளர் என்று சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டவர். டாக்டர் தள்ளி நின்று குறிப்பெடுப்பார். கையெழுத்து அவருடையது, கை நம்முடையது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தார் என்பதை இந்திய மருத்துவ வரலாறு புரட்சியாகக் கொண்டாடுகிறது. ஒரு மேல்சாதிக்காரர் ஒரு பிணத்தைத் தொட்டது வரலாறு. அதற்கு முன்னும் பின்னும் தலைமுறை தலைமுறையாகத் தொட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? தீட்டு.

கல்லெடுக்க ரோபோ எதற்கு என்று கேட்டால் டாக்டர்கள் ஒரு நியாயமான காரணம் சொல்கிறார்கள். குழாயைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்பதில் சர்ஜனுக்குக் கழுத்தும் முதுகும் தோளும் போகின்றன. கல்லைக் காட்டும் எக்ஸ்ரே கதிர் அவர் உடம்பிலும் படுகிறது. ஈயக் கவசத்தின் பாரம் வேறு. தள்ளி உட்கார்ந்து இயக்கினால் இதெல்லாம் குறையும். சரிதான், நான் கிண்டல் செய்யவில்லை. உழைக்கிறவன் உடம்பைக் காப்பாற்ற எந்திரம் செய்வது நாகரிகம்தான்.

அந்த நாகரிகம் மலக்குழி வாசலில் ஏன் நின்றுபோகிறது? அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். அந்த உடம்புக்கு ஈயக் கவசம் வேண்டாம், ஒரு முகமூடியாவது? 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம், 2014-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சாவின் விலை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. 2019 முதல் 2023 வரை 377 பேர் செத்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

எந்திரம் இல்லையா? இருக்கிறது. மலக்குழிக்குள் கைவிட்டு அள்ளும் ரோபோவைக் கேரளத்துப் பொறியியல் இளைஞர்கள் செய்து, 2018-இல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். பெருச்சாளி என்று பொருள்படும் 'பேண்டிகூட்' என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டிலும் சில ஊர்களுக்கு வந்தது. அப்புறமும் எதற்குக் கயிறு கட்டி ஆளை இறக்குகிறான்? எந்திரத்தை விட நாம் மலிவு, அதனால். கெட்டுப்போனால் எந்திரத்தை ரிப்பேர் செய்ய வேண்டும். நம்மைப் புதைத்தால் போதும்.

அந்தச் சூளைக்காரருக்குக் கல் எங்கிருந்து வந்தது? டாக்டர் கேட்கிறார், "தண்ணி ஒழுங்கா குடிக்கறது இல்லியா?" தீயின் பக்கத்தில் பத்து மணி நேரம் நின்றால் உடம்பின் தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும். மிச்சமுள்ள மூத்திரம் கெட்டிப்பட்டு உப்பு படியும். அதுதான் கல். தென்னிந்திய எஃகு ஆலைத் தொழிலாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வு, வெக்கையில் வேலை செய்கிறவர்களுக்கே கல் அதிகம் என்று கண்டது. பெண்கள் பாடு இன்னும் மோசம். உப்பளத்திலும் சூளையிலும் வயல்காட்டிலும் ஒதுங்க இடமில்லாததால் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, வந்ததையும் அடக்கிக்கொள்கிறார்கள். குடிநீரும் கழிப்பிடமும் தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18, 19-ஆம் பிரிவுகளில் எழுதி வைத்தார்கள். எழுதினதோடு சரி.

கல்லுக்கு முதல் மருந்து தண்ணீர். அந்தத் தண்ணீருக்காகத்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடு குளத்தில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தார். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் மிதந்தது. 2025 ஜனவரியில் போலீஸ் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே தலித் மக்களில் மூன்று பேரின் பெயர். "தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்று சீட்டில் எழுதித்தரும் டாக்டர் அய்யா, எந்தத் தொட்டியிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாம் எந்திரத்துக்கு எதிரிகளா? இல்லை. எந்திரம் வேண்டாம், கைராட்டை போதும் என்பது காந்தியம். அதை 1945-லேயே அம்பேத்கர் கிழித்துப் போட்டார். எந்திரம் தரும் ஓய்வு உழைக்கிறவனுக்குத்தான் முதலில் தேவை என்றார். 2022-இல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குச் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை வசதி வந்தது. வரட்டும், மதுரைக்கும் நெல்லைக்கும் வரட்டும். தேவைப்படுகிற நோயாளி சேரியிலிருந்து வந்தாலும் அதன் கீழே படுக்கட்டும்.

ஆனால் வரிசையை மாற்றச் சொல்கிறோம். எந்தக் கை சாகிறதோ அந்தக் கைக்கு முதல் எந்திரம். ஊராட்சி வரைக்கும் மலக்குழிக்கு எந்திரம், அதை இயக்கும் நிரந்தர வேலை, இதுவரை இறங்கியவர்களுக்கே. பிணவறையில் அறுக்கிற கைக்கு அந்த வேலைக்கான பதவியும் பயிற்சியும் சம்பளமும், இல்லையேல் கத்தியை டாக்டரே பிடிக்கட்டும். சூளையிலும் உப்பளத்திலும் நிழல், குடிநீர், கழிப்பிடம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நாளைக்கு அந்த ரோபோ மேசையில் உட்காரத்தான் வேண்டும். உட்காரும்போது உள்ளே போகிற கை யாருடையதாக இருந்தது என்பதை மறக்காமல் உட்காருங்கள்.

சூளைக்காரர் கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார். லேசர் வைத்து உடைத்தார்கள். காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. தோடு மட்டும் எங்கள் பெட்டகத்தில் கிடக்கிறது. தனியாரில் எடுத்த டெஸ்டுகளுக்கும், வேலைக்குப் போகாத மூணு வாரச் சோத்துக்கும் அந்தப் பணம் போய்விட்டது. போன வாரம் வட்டி கட்ட வந்த அம்மாவிடம், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சூளைக்குப் போயிட்டாரு சார். தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்க. அங்க ஏது?"